குளியல் தொட்டியில் இருபத்து மூன்று பேர்

காலை எட்டு மணிக்கே ஸெனோபியா சுவரிலிருந்து படங்களை இறக்கத் தொடங்கிவிட்டாள். மகளின் பட்டமளிப்பு, அக்காவின் கல்யாணம், சர்ச் பாடகர் குழு. ஒவ்வொன்றையும் ஏப்ரன் நுனியால் துடைத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"நம்ம ஆளுங்க ஏதோ திருடிட்டுத் தலைமறைவா போற மாதிரி இருக்கு," என்றான் லூஷியஸ்.

"வீட்டுக்கு மதிப்பு போட பதினோரு மணிக்கு வந்துடுவாங்க. வாய மூடிட்டு வாங்கி அடுக்கு, கிழவா."

இருபத்தாறு வருடமாக ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து அவள் முடி அலங்காரம் செய்துவந்த பார்லர் விலைக்கு வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் வாங்கினால் அவளுக்கு. இல்லையென்றால் செல்போன் கடைக்காரனுக்கு. வீட்டின் பேரில் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். மதிப்புப் போட வங்கி அனுப்பிய ஆள் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. கூடத்துப் படங்களில் இருந்த கறுப்பு முகங்களை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை. டெல்மார் சாலைக்குத் தெற்கே, வெள்ளைக்காரர்கள் வாழும் பக்கத்தில், இதே சிவப்புச் செங்கல், இதே அமைப்பில் ஒரு வீடு போன விலையில் பாதியைக்கூட அவர் எழுதவில்லை. வங்கி கையை விரித்துவிட்டது.

மிச்சம் இருந்தது கடன் சங்கம். டெல்மாருக்கு வடக்கே இருந்த கறுப்பர்களுக்கு எந்த வங்கியும் கடன் தராத காலத்தில், தபால்காரர்களும் பள்ளி ஆசிரியைகளும் சர்ச் நிலவறையில் தொடங்கியது. புதிதாக மதிப்புப் போட ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். உடனே தோழி ஓர்லீன் யோசனை சொன்னாள். "படத்த எல்லாம் எடுத்துடு. நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிடுங்க. கதவத் திறக்க ஒரு வெள்ளக்காரியப் பிடி. நான் அப்படித்தான் பண்ணேன், விலை ஏறுச்சு பாரு!"

வெள்ளைக்காரிக்கு ஸெனோபியா எங்கே போவாள்? படங்களை மட்டுமாவது எடுக்கலாம்.

கடைசியில் மாமியாரின் படம் இருந்தது. முட்டை வடிவச் சட்டம், இறகு வைத்த தொப்பி. அர்டீலியா அந்தத் தொப்பியை இரவல் வாங்கியது, ஒரு வங்கிக்குக் கடன் கேட்டுப் போவதற்காக. பத்தே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். போட்ட தொப்பி வீணாக வேண்டாம் என்று நேரே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் அது.

"அம்மாவ எங்க வைக்கப் போற?"

"பாத்ரூம்ல. தொட்டிக்குள்ள. திரைய இழுத்து விட்டா தெரியாது."

"நல்ல இடம்தான். உயிரோட இருந்தப்பவே உள்ள போனா ரெண்டு மணி நேரம் வெளிய வர மாட்டாங்க."

அவள் சிரித்தாள். தொட்டியில் துண்டை விரித்தபோது பார்லர் நினைவுக்கு வந்தது. இன்டர்வியூவுக்குப் போகும் பெண்கள் அவளிடம் வந்து, "சுருள் எல்லாம் போகணும், நேரா இருக்கணும்," என்பார்கள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பைக் காது மடலில் படாமல் இழுப்பதிலேயே கவனம். இன்று வீட்டுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சீப்பு பட்ட இடம் எரியும் என்பது மட்டும் இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தெரிந்தது.

சுவர் முழுவதும் வெளிறிய சதுரங்கள். நடுவில் ஒரு வெளிறிய முட்டை.

பதினோரு மணிக்கு மணி அடித்தது. வாசலில் நின்றது அவளைப் போலவே ஒரு கறுப்புப் பெண். நாற்பது வயது இருக்கும். கையில் அளவெடுக்கும் கருவி, கழுத்தில் கேமரா.

"மிஸஸ் கேதர்ஸ்? நான் டெல்ஃபின் ரக்கர். கடன் சங்கம் அனுப்புச்சு."

ஸெனோபியா கதவை அகலத் திறந்தாள். லூஷியஸ் அவள் காதருகே, "இப்ப என்ன பண்றது? திரும்ப மாட்டவா?" என்றான். அவள் அவன் காலை மிதித்தாள்.

டெல்ஃபின் சுவரைப் பார்த்தாள். அறை அறையாக அளந்தாள். வங்கி அனுப்பியவர் எட்டிக்கூடப் பார்க்காத பின்னறைக்குள் போனாள். கூரை எப்போது மாற்றியது என்று கேட்டு ரசீது பார்த்தாள். பிறகு குளியலறைப் பக்கம் திரும்பினாள்.

"அது... அங்க ஒண்ணும் இல்லம்மா," என்று ஸெனோபியா குறுக்கே வந்தாள்.

"எல்லா பாத்ரூமும் போட்டோ எடுத்தே ஆகணும், மேடம். தொட்டியோட."

திரை விலகியது. பெரிய துண்டின்மேல் இருபத்து மூன்று சட்டங்கள். எல்லாருக்கும் மேலே, தொப்பியோடு, அர்டீலியா.

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"குழாய் சொட்டுதுன்னு எழுதிடாதீங்க," என்றான் லூஷியஸ்.

டெல்ஃபின் சிரித்துவிட்டாள். கேமராவை இறக்கினாள். "ஒரு வீட்ல அடுப்புக்குள்ள பார்த்தேன். இன்னொரு வீட்ல கார் டிக்கில. எங்கம்மா கட்டிலுக்கு அடியில வெச்சாங்க." பிறகு குரலைச் சரி செய்துகொண்டாள். "ஒண்ணு சொல்லிடறேன். உங்களப் பார்த்துப் பாவப்பட்டு நான் ஒரு டாலர்கூட ஏத்த மாட்டேன். அளவு என்னவோ அதுதான்."

"ஏத்த வேண்டாம்," என்றாள் ஸெனோபியா. "குறைக்காம இருந்தாப் போதும்."

"அதுக்குத்தான் வந்திருக்கேன். ஆனா தொட்டிக்குள்ள இத்தன பேர் இருந்தா என்னால போட்டோ எடுக்க முடியாது. நான் மாடிய அளந்துட்டு வரேன். அதுக்குள்ள இவங்களக் கொஞ்சம் எழுப்பி விடுங்க."

மேலே காலடிச் சத்தம் கேட்டது. விலை என்னவென்று இன்னும் தெரியாது. கடை கிடைக்குமா, தெரியாது. திரும்ப மாட்டினால் குறையுமோ என்ற பயமும் போகவில்லை. அந்தப் பயத்தோடேயே ஸெனோபியா குனிந்து மாமியாரை இரண்டு கையாலும் தூக்கினாள். அவசரத்தில் கைக்கு வந்த ஆணியில் எல்லாம் மாட்டினார்கள். மகள் அக்கா இடத்துக்குப் போனாள். பாடகர் குழு சமையலறை வாசலுக்கு வந்தது. அர்டீலியா குளியலறைக் கதவுக்கு எதிரே போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கடன் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது பார்லரில் ஸெனோபியாவின் கையில் சூடான சீப்பு. இன்டர்வியூவுக்காக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்தான் போனை அவள் காதில் பிடித்தாள். பின்னறை கணக்கில் சேர்ந்திருந்தது. கூரை சேர்ந்திருந்தது. டெல்மாருக்குத் தெற்கே விற்ற அந்த வீட்டோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். கடையை வாங்கலாம்.

சீப்பை அடுப்பில் வைத்துவிட்டு ஸெனோபியா பார்லரின் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மிஸ் நோபி, என் முடி?" என்றாள் அந்தப் பெண்.

"உனக்கு நிஜமாவே நேராத்தான் வேணுமா, செல்லம்? இல்ல, அவங்களுக்காகவா?"

அந்தப் பெண் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஒரு தடவை நேராவே இருக்கட்டும்," என்றாள் கடைசியில். ஸெனோபியா தலையசைத்துச் சீப்பை எடுத்தாள். இன்று இன்னும் மெதுவாக இழுத்தாள்.

வீட்டில் லூஷியஸ் சுத்தியலோடு நின்றிருந்தான். "அம்மாவப் பழைய இடத்துல மாட்டிடவா?"

"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்." அவள் படத்தின் முன் நின்றாள். "அத்தை, கடை நம்மளுது. தொப்பி வீணாப் போகல."

"இனி நான் கதவத் தாழ் போட்டுட்டுத்தான் குளிக்கணும்," என்றான் லூஷியஸ்.