ஒண்ணும் ஆகாது

என் தங்கையின் வலது கண்ணைக் கருவியில் பார்க்கக் குனிந்த டாக்டர் நிமிரவே இல்லை. இவ்வளவு நேரமெடுத்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். அவருடைய கிளினிக்கில் பதினோரு வருடமாகக் கான்டாக்ட் லென்ஸ் பொருத்திக் கொடுக்கிறவன் நான், எனக்குத் தெரியும். பக்கத்தில் மாப்பிள்ளை கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றார். கல்யாணமாகி நான்கு மாதம். மனைவிக்கு மைனஸ் ஒன்பது பவர் என்பதே அவருக்கு இன்று காலையில் இவள் கண்ணைப் பொத்திக்கொண்டு அழுதபோதுதான் தெரியவந்தது.

"லென்ஸோடவே தூங்குவியாம்மா?"

"ஆமா டாக்டர். கல்யாணத்துலேர்ந்து. காலையில கொஞ்சம் மங்கலா இருக்கும், மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்."

டாக்டர் மாப்பிள்ளைக்கு விளக்கினார். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதற்கு மூச்சு வெளிக்காற்றிலிருந்துதான். மூடிய இமைக்குள் லென்ஸும் இருந்தால் மூச்சு முட்டும். உள்ளே ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கும் செல்கள் அசந்துவிடும். நீர் தேங்கி விழி வீங்கும், மங்கும்.

"வீக்கம் வடிஞ்சிடும். சொட்டு மருந்துல இருக்கற உப்பு தண்ணியை இழுத்துடும். ஆனா நடுவுல ஒரு புண் இருக்கு. தழும்பாச்சுன்னா பார்வை குறையும். ரெண்டு நாள் போனாத்தான் தெரியும்." பிறகு அவளிடம், "போட்டுக்கிட்டே தூங்கலாம்னு யாரும்மா சொன்னது?" என்றார்.

நான்தான். தடித்த கண்ணாடியைப் பார்த்து இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது வரன் பெண் பார்க்க வந்தபோது நானே லென்ஸ் மாட்டிவிட்டேன். புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் பெட்டியிலிருந்து கண்ணாடியைக் கூட்டோடு எடுத்து நானே வைத்துக்கொண்டு, "கழட்டாமலே தூங்கு, கொஞ்ச நாள்தான், ஒண்ணும் ஆகாது" என்றேன். வருகிற ஒவ்வொருவரிடமும் செய்யாதே என்று தொண்டை வறளச் சொல்கிறவன், கூடப் பிறந்தவளிடம் அப்படிச் சொன்னேன்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்" என்றாள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். அலமாரிப் பக்கம் போய், தேவையே இல்லாத பஞ்சுப் பொட்டலத்தைத் தேடினேன்.

"கண்ணாடி போட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று அவளிடம் கேட்ட மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவ உங்க பேச்சைத்தான கேப்பா!"

கோபமாகக்கூட இல்லை, உரிமையோடு கேட்டார். தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. கூசிப்போனேன். வேலை போய்விடும் என்ற பயம்தான் முதலில் வந்தது, அவள் கண் அப்புறம்தான்.

மாப்பிள்ளை மருந்து வாங்கக் கீழே போனார். டாக்டர், நான் போட்டிருப்பதைப் போன்ற தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். நான் அலமாரி ஓரத்திலேயே நின்றேன். லென்ஸைக் கழற்றியாகிவிட்டது, கண்ணாடியும் இல்லை; இந்தத் தூரத்தில் அவளுக்கு என் முகம் தெரியாது. அது ஆறுதலாக இருந்தது.

கன்னத்தில் வழிந்த நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கதவில் தொங்கிய கோட்டைப் பார்த்து மெல்லப் பேசினாள்.

"பயப்படாதண்ணா. உன் பேரை எங்கயும் சொல்ல மாட்டேன்."

கோட்டின் கை மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.