பதினாலாம் பக்கத்து முகம்

முகத்தை வெட்டும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது மில்ட் ஸ்லோட்கின் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டுவார். காப்பியை ஜன்னல் விளிம்பில் வைப்பார். வந்திருக்கும் இருபத்திரண்டு படக்கதை அட்டைகளையும் அடுக்கி, கதாநாயகன் வெண்கலப் பருந்தின் தலை எங்கே இருக்கிறது என்று மட்டும் ஓரக்கண்ணால் தேடி, தாடையோரமாகப் பிளேடை ஒரு சுற்று சுற்றுவார். பெயர்ந்து வரும் துண்டு குப்பைக்கூடைக்குள் விழும். பத்தரை மணிக்குள் எல்லாப் பக்கத்திலும் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதற்கப்புறம்தான் ஓட்டைக்குப் பின்னால் புது அட்டைத்துண்டை ஒட்டி, நிதானமாக வரைய உட்காருவார்.

பார்த்தால் வெட்ட மனசு வராது, அதுதான் விஷயம். அந்த முகங்களை வரைந்தவர் இஸ்ஸி வார்ஷோ.

இஸ்ஸியைப் போட்டிக் கம்பெனியிலிருந்து இழுத்து வந்து எட்டு மாதம் ஆகிறது. 'வருகிறார் படக்கதை மன்னர்' என்று புத்தகத்துக்குப் புத்தகம் விளம்பரம் போட்டார்கள். முதல் கட்டுப் பக்கங்கள் வந்த அன்று ஆசிரியர் ஹாலரனுக்கு வேர்த்துவிட்டது. உடம்பெல்லாம் பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு பறக்கிறது, சரி. ஆனால் முகம்? அது அடிவாங்கிய, தூங்காத, நிஜ மனிதனின் முகம். வெண்கலப் பருந்துக்கு முகமூடி கிடையாது, நெற்றியில் ஒரு பட்டை மட்டும்தான். பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவிலும் பைஜாமாவிலும் பல் துலக்கும் குவளையிலும் இருப்பது மில்ட்டின் கை இருபத்துமூன்று வருஷமாகப் போட்டுவரும் சதுரத் தாடை. அதை மாற்றினால், அந்தப் படத்தைப் போட உரிமை வாங்கிய டப்பாக்காரன் சும்மா விடுவானா?

"எல்லா முகத்தையும் நீ மாத்திடு மில்ட். இஸ்ஸி காதுக்குப் போக வேண்டாம்" என்றார் ஹாலரன். மில்ட் தலையை ஆட்டினார். ஐம்பத்தாறு வயது. மூன்றாம் அவென்யூவில் ஜன்னலோர நாற்காலி. இந்த ஒரு முகத்தைத் தவிர அவர் கையில் வேறு சரக்கு இருப்பதாக நியூயார்க்கில் எவனும் நம்பவில்லை. இப்படிப்பட்டவன் தலையை ஆட்டாமல் என்ன செய்வான்?

இத்தனைக்கும் இருவரும் பிரவுன்ஸ்வில் பேட்டையில் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். நாற்பதாம் வருஷம் நாற்பத்தைந்தாம் தெருவில் ஒரு மொட்டை மாடிப் பட்டறையில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து படக்கதை செய்வார்கள். ஒருவன் கட்டடம் போடுவான், ஒருவன் மை போடுவான். இஸ்ஸி உடம்பு போட, மில்ட் தலை வைப்பார். அன்றைக்குச் செய்ததைத்தானே இன்றைக்கும் செய்கிறோம் என்று மில்ட் தன்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. அன்றைக்கு அது இஸ்ஸிக்குத் தெரிந்து நடந்தது என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார். அச்சாகி வந்த புத்தகத்தை இஸ்ஸி பிரித்துப் பார்ப்பதே இல்லை. கட்டு கட்டாகக் கார் கொட்டகையில் போட்டுவிடுவார். அந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் மில்ட் ஐந்து புத்தகங்களை ஓட்டியிருந்தார்.

பிப்ரவரி மாதத்து அந்தப் புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு, லிஃப்ட் கதவு திறந்து இஸ்ஸி வந்தார்.

அவர் வருவது வெள்ளிக்கிழமைகளில்தான். மில்ட் மேசையில் இருந்த அட்டைகளைக் கவிழ்த்து, மேலே பெரிய வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டு, தாளின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"என்னடா மூஞ்சி வெளிறிக் கெடக்கு? நெஞ்சு வலியா, இல்ல இன்னைக்கும் உன் பொண்டாட்டி சில்வியாவே சமைச்சாளா?" என்று கேட்டபடி இஸ்ஸி தொப்பியைக் கழற்றாமலே பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். கையில் பொட்டலம். "பாஸ்ட்ராமி சாண்ட்விச் வாங்கியாந்தேன். ஆளுக்குப் பாதி."

"என்ன திடீர்னு?"

"ஏன், மன்னர் வர்றதுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பணுமோ?" சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. "ஒரு பக்கம் வேணும்டா. அஞ்சே நிமிஷம். கீழ நகல் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன். பதினாலாம் பக்கம்."

"அதெல்லாம் ஹாலரன் ரூம்ல இருக்கு."

"அவரைப் போன்ல கேட்டேன். உன்கிட்ட எழுத்துத் திருத்தத்துக்கு வந்திருக்குன்னார்."

மில்ட்டின் முழங்கை தாளைவிட்டு எழவில்லை. மூன்று மணிக்கு அச்சகத்து வேன் வரும். அதுவரை எதையாவது பேசிச் சமாளித்தால் போதும் என்று கணக்குப் போட்டார். "மூணு மணிக்கு வேன். கட்டு கலைஞ்சா ஹாலரன் என்னைத் தொலைச்சிடுவார். புத்தகமா வந்ததும் பாத்துக்கக் கூடாதா?"

"புத்தகம் வேண்டாம். சாயம் பூசி, சாக்குத் துணி மாதிரி தாள்ல அடிச்சு... எனக்கு அந்த அட்டைதான் வேணும்." இஸ்ஸி பொட்டலத்தின் நூலைப் பிரித்து விரலில் சுற்றினார். "வர்ற செவ்வாய்க்கிழமை ஜோயலுக்கு ஒரு வருஷம்."

ஜோயல் இஸ்ஸிக்கும் பெல்லாவுக்கும் ஒரே மகன். ரத்தப் புற்றுநோய். பத்தொன்பது வயது. அவன் இறந்தபோது யூத வழக்கப்படி இருந்த ஏழு நாள் துக்கத்தில் ஐந்து நாள் மில்ட்டும் போய், கண்ணாடிக்கெல்லாம் துணி போர்த்திய அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"விளக்கு ஏத்தணும்ல. விளக்குப் பக்கத்துல போட்டோ எதையும் வைக்கக் கூடாதுங்கிறா பெல்லா. கடைசி ரெண்டு வருஷத்துப் போட்டோ எல்லாம் ஆஸ்பத்திரி முகம். அதுக்கு முன்னாடி எடுத்ததுல அவன் சின்னப் பையன். பெரியவனா, நல்லா இருந்தப்ப எடுத்தது ஒண்ணு கூட இல்ல. என்னை வரையச் சொன்னா. நானும் ஒரு வருஷமா முயற்சி பண்றேன், வரல. போன வாரம் இந்தப் பருந்துப் பய கதை. சக்தி கெடைக்கிறதுக்கு முன்னாடி, பத்தொம்பது வயசுல, வீட்டைவிட்டுப் பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான்ல? நான் யோசிக்கவே இல்லடா. பென்சில் பாட்டுக்குப் போச்சு. பாத்தா ஜோயல் நிக்கிறான். அந்தப் பக்கத்துக்கு மட்டும் மையும் நானே போட்டேன். பெல்லா சமையக்கட்டுல அதைப் பிடிச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னா. மை காயறதுக்குள்ள உங்க ஆபீஸ் ஆளு வந்து வாங்கிட்டுப் போயிட்டான். செவ்வாய்க்கிழமைக்குள்ள நகல் கொண்டாறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

மில்ட்டின் கண் தன்னையறியாமல் மேசைக்கு அடியில் இருந்த குப்பைக்கூடைக்குப் போனது. கூடை காலி. பன்னிரண்டு மணிக்குத் துப்புரவுக்காரி எட்னா வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தாள்.

"கையை எடுடா" என்றார் இஸ்ஸி. குரல் மாறியிருந்தது. சின்ன வயசிலிருந்து கூடவே வளர்ந்தவனுக்கு நண்பன் பொய் சொல்வது தெரியாமல் போகுமா?

மில்ட் எடுக்கவில்லை. இஸ்ஸி தாளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். முதல் பக்கத்தில் பருந்து பறக்கிறான், தலையில் மில்ட்டின் முகம். இரண்டாம் பக்கத்திலும் அதே. எட்டாம் பக்கத்துக்கு மேல் ஓட்டைகள் மட்டும். பதினாலாம் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு, மழை, கையில் பெட்டியோடு ஒல்லியான உடம்பு, அழுக்குக் காலர். காலருக்கு மேலே ஒரு நாணயத்தின் அகலத்துக்கு ஒன்றுமில்லை. அதன் வழியாக மேசைப் பலகை தெரிந்தது.

"எத்தனை நாளா?"

"முதல் புத்தகத்துலேருந்து."

இஸ்ஸி அட்டையைக் கீழே வைத்தார். கத்தியிருந்தால் மில்ட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இது எங்க?" என்று மட்டும் கேட்டு ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

மில்ட் எழுந்து ஓடினார். ஐம்பத்தாறு வயது ஆள் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் ஒன்பது மாடி இறங்கினார். அடித்தளத்தில் எட்னா காலி சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். எரியடுப்பின் இரும்புக் கதவு தொடமுடியாத சூட்டில் இருந்தது. "ஒன்பதாம் மாடிச் சாக்கா? பன்னண்டேகாலுக்கே போட்டாச்சே. ஏதாவது முக்கியமானதா மிஸ்டர் ஸ்லோட்கின்?" என்று கேட்டாள். மில்ட் அடுப்புக் கதவோரம் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

திரும்பி வந்தபோது இஸ்ஸி தொப்பியோடு அதே முக்காலியில் இருந்தார். மில்ட்டின் சட்டையில் இருந்த கரியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீ அவனைப் பாத்தும் வெட்டினியா?"

"பாக்கலடா. சத்தியமா. உன் முகத்தைப் பாத்தா என்னால வெட்ட முடியாது. அதனால பாக்கறதே இல்ல."

"பாத்திருந்தா?"

அதற்கு மில்ட்டிடம் பதில் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. பார்த்திருந்தாலும் வெட்டியிருப்பார். கொஞ்சம் அழுதிருப்பார், அவ்வளவுதான்.

இஸ்ஸி ஒரு வெள்ளை அட்டைத்துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "வரை."

"நீ வரையேன்டா. உன் பையன்."

"எனக்கு ஒரு தடவதான் வந்தான். இனிமே வரமாட்டான், அது எனக்குத் தெரியும். நீ வரை. உனக்கு அவனைத் தெரியாதா? கோனி தீவுல உன் பூட்ஸ் மேல வாந்தி எடுத்தவன்தானே? தலைக்கு ஆளு நீதானே அன்னைக்கும் இன்னைக்கும்? வரைடா."

மணி இரண்டேகால். மில்ட் பென்சிலை எடுத்தார். ஜோயல் கண்முன் பளிச்சென்று நின்றான். இடது புருவம் கொஞ்சம் மேலே, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, காது இரண்டும் விரிந்து, வாய் எப்போதும் எதையோ கேலி செய்யத் தயாராக. மனசில் இவ்வளவு இருந்தது. கை அதைக் கேட்கவில்லை. நெற்றியில் தொடங்கிய கோடு கன்னத்தில் இறங்கும்போது தானாகவே நேராகி, தாடையில் வந்து சதுரமாகத் திரும்பியது. வெண்கலப் பருந்து.

துண்டைக் கிழித்தார். இரண்டாவதை இடக்கையால் தொடங்கினார், பழக்கமில்லாத கை பழைய வழியில் போகாது என்று. கோடு நடுங்கியது. நடுங்கிய கோடுகளுக்குள்ளிருந்தும் அதே பருந்துதான் பார்த்தான், குடித்தவன் மாதிரி. மூன்றாவதில் பல்லிலிருந்து ஆரம்பித்தார். முதலில் அந்தச் சந்து, பிறகு உதடு, பிறகு காது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், யாரோ வருகிற மாதிரி இருந்தது. இஸ்ஸி முக்காலியிலிருந்து எழுந்து குனிந்தார். மில்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை இறக்கினார்.

இஸ்ஸி மறுபடி உட்கார்ந்தார். தாளில் சந்துப்பல்லோடு வெண்கலப் பருந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

இருபத்துமூன்று வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு தான் எதை விற்றோம் என்று மில்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரான் முகத்தை வெட்டியவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தன் கையைத்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

"மில்ட்! வேன் வந்து நிக்கிது, என்னய்யா பண்றே?" ஹாலரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர், இஸ்ஸியைப் பார்த்ததும் நின்றார். பரவிக் கிடந்த அட்டைகளைப் பார்த்தார். முகத்தில் அவசரமாக ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டார். "இஸ்ஸி... இது சும்மா, டப்பாக்காரங்களுக்காக. கோவிச்சுக்கக் கூடாது." பிறகு மேசைமேல் இருந்த மூன்றாவது துண்டைக் கையில் எடுத்தார். "அட, இது அருமையா இருக்கே! அந்தப் பல்லை மட்டும் சரி பண்ணி ஒட்டு. பாக்கிப் பக்கத்துக்குப் பழைய புத்தகத்துலேருந்து முகத்தை எடுத்து அச்சகத்துலயே ஒட்டிக்கலாம். பத்து நிமிஷம்."

இஸ்ஸி பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒட்டுடா மில்ட்டு. உன் பொழப்பாவது மிஞ்சட்டும். நீ வேலைய விட்டா மட்டும் அவன் வந்துடவா போறான்?"

மன்னிப்பை விட மோசமாக இருந்தது அது. மில்ட் பதினாலாம் பக்கத்தை முன்னால் இழுத்தார். ஓட்டைக்குப் பின்னால் வெற்று அட்டையை வைத்து ஒட்டினார். இருப்பதிலேயே தடித்த தூரிகையை மைப்புட்டியில் கழுத்துவரை முக்கி எடுத்து, காலருக்கு மேலே இருந்த வெள்ளையை முழுக்கக் கறுப்பாக அடைத்தார். தலையின் ஓரக்கோடு மட்டும் மிஞ்சியது. மழையில், பெட்டியோடு, விளக்குக்கு முதுகைக் காட்டி ஒருவன் நின்றான்.

"என்னய்யா இது? முகம் எங்க?" என்றார் ஹாலரன்.

"கீழ அடுப்புல. நான்தான் போட்டேன்."

"விளையாடாதே. அந்தத் துண்டை எடுத்து ஒட்டு."

"ஒட்டமாட்டேன் சார். அது அவன் இல்ல. அவனை எனக்கு வரையத் தெரியல." மில்ட் தூரிகையைக் கழுவாமலே வைத்தார். தனக்கு வரையத் தெரியவில்லை என்று அவர் சொல்லி இந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

கீழே வேனின் ஹாரன் விடாமல் அடித்தது. ஹாலரன் கறுப்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மை காய நேரமில்லை, பிய்க்கவும் நேரமில்லை. "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றபடி அட்டைகளை வாரிக்கொண்டு, ஈர மையில் கை படாமல் தூக்கிப் பிடித்தபடி ஓடினார்.

மில்ட் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றார் இஸ்ஸி.

"உன் வீட்டுக்கு. பெல்லாகிட்ட நான்தான் சொல்லணும்."

"அவ கதவையே திறக்கமாட்டா. உன்னைக் கொன்னுடுவா."

"திறக்கற வரைக்கும் நிக்கிறேன்."

இஸ்ஸி அவரை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கையில் பாஸ்ட்ராமிப் பொட்டலம் நூல் பிரித்தபடியே இருந்தது, இருவரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கடைசியில் இஸ்ஸி லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்ததும் உள்ளே போய் ஓரமாகத் தள்ளி நின்று, மில்ட்டுக்கு இடம் விட்டார்.