பழைய ஸ்விஃப்ட் கோடு

அப்பாவின் முகம் அண்ணனுக்குத் தெரியும்படி செல்பேசியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள் தங்கை. கை கடுத்தது. வெளிநாட்டிலிருந்து அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான். கூடத்தில் இருந்தவர்களும் அவனைப் பார்த்துத்தான் அழுதார்கள். செத்தவருக்காக அழுதவர்கள் குறைவு.

முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் அன்றே அனுப்பிவிட்டதாகச் சொன்னான். அதை நம்பி அவள் நகையை அடகு வைக்காமல் இருந்துவிட்டாள். பணம் வரவேயில்லை. "எம்புள்ளை அனுப்பிட்டான்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையடித்துக்கொண்டே அப்பா போய்ச் சேர்ந்தார்.

அவள் வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் உட்காருகிறவள். அப்பா இறந்த அன்று காலையில்தான் விஷயம் பிடிபட்டது. பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டும் குறியீடாக அண்ணன் போட்டிருந்தது பழைய ஸ்விஃப்ட் கோடு. அவளுடைய வங்கி வேறொரு வங்கியோடு இணைந்தபோதே ஒழிந்துபோன கோடு அது. அதைப் போட்டால் பணம் நடுவில் ஏதோ ஒரு வங்கியில் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அனுப்பியவனிடமே திரும்பிவிடும்.

"பேங்க்லயே வேலை பாக்குறா. பெத்தவருக்கு வந்த பணத்தை வாங்கத் துப்பில்லை" என்று அத்தை அவள் காதுபடவே சொன்னாள். பாவம், கடல் கடந்து இருந்தாலும் அவன் கடமையைச் செய்துவிட்டான் என்றார் சித்தப்பா.

அவள் செல்பேசியோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"போன மாசம் இங்க நீ வாங்குற பிளாட்டுக்குப் பணம் அனுப்பினப்ப புது கோடுதானே போட்ட? நான்தானே குடுத்தேன்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பிழைக்கிறது பாதிக்குப் பாதின்னுதானே டாக்டர் சொன்னாரு? அனுப்ப முடியாதுன்னா நீங்கள்லாம் காறித் துப்பியிருப்பீங்க. இப்ப யாருக்கும் என்மேல மனவருத்தம் இல்லையே."

"அப்பாவுக்கு?"

"அவரும் சந்தோஷமாத்தானே போனாரு."

திரும்பி வந்த பணத்தில் கமிஷன் பிடித்துவிட்டார்கள் என்று அதற்கும் குறைப்பட்டுக்கொண்டான். அவளுக்குக் கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் கத்த வேண்டும் போலிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள்.

"எங்கிட்ட குடுடி. புள்ளை அங்க தனியா அழறான். அனுப்பியும் உதவலையேன்னு அவனுக்கு எப்படி இருக்கும்?"

அண்ணன் மறுபடி குலுங்க ஆரம்பித்திருந்தான். அம்மா செல்பேசியை வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள். அவன் முகம் சரியாகத் தெரியவில்லை என்றாள். தங்கை எட்டி, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தாள்.