ரெக்டர் வீட்டுக் கிளம்பற காப்பி

"நாப்பது பேரோட வேலைய என் வயித்த வச்சே காப்பாத்துனேன். செர்பியாவுல இன்னொருத்தியக் காட்டு பாப்போம்!"

தெசாங்கா இப்படி ஆரம்பித்தால் மதுக்கடையே சிரிக்கும். பல்கலைக்கழக வாசல் காவலாளி க்வோஸ்தென் மட்டும், "புளுகாதக்கா, அப்படி ஒண்ணும் நடக்கல, அன்னிக்கு நான் வாசல்ல டூட்டி" என்பான்.

அந்த நவம்பரில், பணமில்லை என்று சொல்லி, ஆய்வகம், சமையலறை, கொதிகலன் அறையிலிருந்து நாற்பது பேரை வருடக் கடைசியோடு வீட்டுக்கு அனுப்பப் போவதாகப் பல்கலைக்கழகத் தலைவர், ரெக்டர் மிலோராத் அறிவித்தார். முன்வாசலில் மட்டும் புதுப் பளிங்கு வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பதில் தெசாங்காவும் ஒருத்தி. வேதியியல் ஆய்வகக்காரி, ஊழியர் சங்கத் தலைவி. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம். வேலை போனால் அதுவும் போச்சு. பேச நேரம் கேட்டுக் கேட்டு அவள் நாக்கு பாதியாகத் தேய்ந்துவிட்டது. "ஐயா ஊர்ல இல்ல" என்பார்கள். கடைசியில் அலுவலகக் கதவையே பூட்டச் சொல்லிவிட்டார் ரெக்டர். பூட்டியவன் க்வோஸ்தென்.

பாவம், மனிதர் தன் வீட்டுப் புனிதரை மறந்துவிட்டார். செர்பியாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. புனிதர் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்புவதுமில்லை. கடைசி விருந்தாளி எழும்வரை வீட்டுக்காரர் உட்காரவும் கூடாது.

அவர் வீட்டுப் புனிதரான மிகயேல் தேவதூதர் நாளன்று நண்பகலில் ரெக்டர் வீட்டுக் கதவைத் தெசாங்கா தட்டினாள். பின்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும், சலவைச் சட்டையில், முகத்தில் பக்தி வழிய.

"வா... வாங்க" என்றார் ரெக்டர். வேறென்ன சொல்வார்? உள்ளே பாதிரியார் இருக்கிறார்!

சாப்பிட்டார்கள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றிய சர்மா, தேவாலய மணிக்கூண்டு உயரத்துக்குக் குவிந்திருந்தது, கரைந்தது. ஒருவர்கூட வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாதிரியார் கிளம்பினார், பக்கத்து வீட்டார் கிளம்பினார்கள். இவர்கள் கிளம்பவில்லை. ரெக்டர் பிராந்தி ஊற்றியபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பொழுது சாயும்போது அவர் மனைவி வெஸ்னா கிளம்பற காப்பி கொண்டுவந்தாள். அது வந்தால் விருந்தாளி தொப்பியைத் தேட வேண்டும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். தெசாங்கா உறிஞ்சி முடித்துக் கோப்பையை நீட்டினாள்.

"இன்னொண்ணு."

"தெசாங்காம்மா, இது... கிளம்பற காப்பி."

"தெரியும் ரெக்டரய்யா. பல்கலைக்கழகத்துல நீங்க குடுத்த கிளம்பற காப்பியே இன்னும் தொண்டையில நிக்குது. இது எம்மாத்திரம்?"

முதலில் சிரித்தது வெஸ்னாதான். "உன் காலு பூசணி மாதிரி வீங்கிருக்கு, மிலோராத். சொல்ல வேண்டியதச் சொல்லு. இல்ல, நானும் இவங்களோட உக்காந்துடுவேன்."

"திங்கக்கிழமை கதவத் திறக்கச் சொல்றேன். பேசலாம்" என்றார் ரெக்டர்.

"பேச்செதுக்கு? உங்க வீட்டு ரொட்டி தின்னவங்க யாரையும் வேலையவிட்டு அனுப்ப மாட்டேன்னு புனிதரோட மெழுகுவத்தி முன்னால சொல்லுங்க. இப்பவே தொப்பி எடுக்கறோம்."

ரெக்டர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு காலியான நாற்காலி ஒன்றை ஏக்கத்தோடு பார்த்தார்.

"பளிங்கு காத்திருக்கட்டும். யாரையும் அனுப்பல" என்று கை நீட்டினார்.

தெசாங்கா அந்தக் கையைக் குலுக்கினாள். தெருவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்தாள். மூன்று வருடம்! கொதிகலன்காரர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு ஓவென்று அழுதார், சிரித்தார், ஏப்பம் விட்டார்.

"எல்லாம் சரி க்வோஸ்தென், நடக்கலன்னா எங்க வேலை எப்படிய்யா மிஞ்சுச்சு?" என்று மதுக்கடையில் தெசாங்கா மடக்கினாள்.

அவன் மீசையைத் துடைத்தான்.

"திங்கக்கிழமை காலையில ரெக்டர் வந்தாரு. ஷூ நுழையல போல. வீட்டுச் செருப்போட நொண்டிக்கிட்டே வந்து, 'பூட்ட எடுப்பா, சங்கத்துக்காரங்க வருவாங்க'ன்னாரு." கோப்பையைக் காலி செய்தான். "நடந்துதான்க்கா இருக்கு."