நாலாவது தீர்மானம்

'டமார்!'

அடுப்படியின் தகரக் கூரைமேல் ஏதோ விழுந்தது. பிரியாணி அண்டா அருகே நின்றிருந்த அன்சிலா, கரண்டியும் கையுமாக வெளியே ஓடினாள். மொட்டைமாடியில் கட்டிக்கொண்டிருந்த ஃபிளெக்ஸ், கயிறு அறுந்து கூரைமேல் கிடந்தது.

"யாருக்காச்சும் அடி பட்டுச்சுங்களா மாமா?"

"எம் மூஞ்சி கிழிஞ்சிருச்சான்னு பாரு மொதல்ல!" என்றார் மாமனார் சிக்கந்தர்.

கிழியவில்லை. மாட்டுத்தீவன வியாபாரியும் மீனாட்சிபுரம் வியாபாரிகள் கமிட்டித் தலைவருமான சிக்கந்தர், ஃபிளெக்ஸின் நடுவில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பதினெட்டு ஆண்கள். 'உயர் நீதிமன்றத்தில் நம் பெண்களுக்கும் நாற்காலி வேண்டும்!' என்று மேலே பெரிய எழுத்து. சிறப்பு விருந்தினர் எர்ணாகுளம் வழக்கறிஞர் ஜிஸ்மி. பெண் என்பதால், அவர் முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு ரோஜாப்பூ.

அன்சிலாவும் வழக்கறிஞர்தான். ஆறு மாதம் பக்கத்திலிருக்கும் சித்தூர் கோர்ட்டுக்குப் போனாள். பிறகு நிக்காஹ் வந்தது. கறுப்புக் கோட்டு பீரோவுக்குள் போனது. 'திங்கட்கிழமை வராவிட்டால் உன் இடம் வேறொருவருக்கு' என்று, இதுவரை அவளுக்காகக் காத்திருந்த சீனியர் வக்கீல் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்று ஞாயிறு.

"மாமா, நாளைக்கு நான் கோர்ட்டுக்கு..."

"பாக்கலாம், பாக்கலாம்." இரண்டு வருடமாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். "நம்ம ஊட்டுப் பொண்ணு கோர்ட்டு வராந்தாவுல நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? இப்ப நீ கூட்டத்து மனுவ எழுதும்மா, மூணு தீர்மானம் போதும். படிச்ச புள்ள, நல்லா எழுதுவ."

அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். சிக்கந்தர் வாசற்படியில் நின்று சொன்னார்.

"பொம்பளைங்க, சிறுபான்மை, மலையாள தேசத்துல தமிழ் பேசறவங்க, எல்லாத்துக்கும் எடம் வேணும்னு போடு."

"ஆனைகட்டிப் பக்கத்து ஆதிவாசிங்க, தலித்துங்க, எஸ்டேட்டுத் தொழிலாளி புள்ளைங்க, இவங்களும் ஜட்ஜ் ஆகோணும்னு எழுதட்டுங்களா?"

அவள் கணவன் ஜாகிர், தகப்பனைப் பார்த்துப் பதறினான். "ஏத்தா, நம்ம கடையில மூட்டை தூக்கற பிச்சைமணி மக ஜட்ஜாயி, நாம கைகட்டி நிக்கறதாக்கும்?"

"எழுதறதுக்கென்னடா? கேக்க நல்லா இருக்கும். செய்யறவங்க மேல இருக்கறவங்கதானே!"

அப்போது மாமியார் ருக்கியா, மருமகளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். உப்பைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சிக்கந்தர் சட்டை மாற்றப் போனார். முப்பது வருடமாக இந்த வீட்டில் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பிரியாணி போட்டவள் ருக்கியா. ஒன்றைக்கூட யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டியதில்லை.

கூட்டம் முன்வாசலில் கூடியது. மனு கை மாறி மாறிப் போனது. முதல் கையெழுத்து யாருடையது என்பதில் சின்னச் சண்டை, சிக்கந்தர் ஜெயித்தார். வந்திருந்த நாற்பது பேரும் போட்டார்கள். படிக்க யாருக்கும் நேரமில்லை. பிரியாணிக்குத் தம் போட்ட வாசனை வந்துவிட்டது.

ஜிஸ்மி மைக்கைப் பிடித்தார். மூணாறில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய ஒரு தாயின் மகள் அவர்.

"ரோசாப்பூவ எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இந்த மூஞ்சிதான் வந்திருக்கு."

அடுப்படிப் பக்கம் வளையல்கள் குலுங்கின.

"ஹைகோர்ட்டு ஜட்ஜ் என்ன வானத்துல இருந்தா குதிப்பாங்க? பத்து வருசமாவது கோர்ட்டுல பாடுபடணும்லா. வராந்தாவுல நின்னாத்தான் என்னிக்காவது நாற்காலி. அது உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. அதனாலதான் இந்த நாலாவது தீர்மானம். வாசிக்கேன், கேளுங்க."

வாசித்தார். 'இதில் கையொப்பமிடும் நாங்கள், சட்டம் படித்த எங்கள் வீட்டுப் பெண்களை, நாளை திங்கட்கிழமை முதல் எந்தத் தடையுமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்புவோம் என உறுதி கூறுகிறோம்.'

"மொதக் கையெழுத்து, கமிட்டித் தலைவர் சிக்கந்தர் அவர்கள்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த ஊரில் சட்டம் படித்த பெண் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தாள். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் நஷ்டமில்லை. சிக்கந்தரும் தட்டினார். மூன்றாவது தட்டில்தான் கை அந்தரத்தில் நின்றது. அதற்குள் லோக்கல் சேனல்காரன் படம் பிடித்துவிட்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அடுப்படியை ஒட்டிய அறையில் அன்சிலா கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊர் முன்னால என்னைய மாட்டி உட்டுட்டியேம்மா! இந்தப் புத்தி உனக்கு யாரு குடுத்தா?"

அன்சிலா காலர் மடிப்பில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள்.

ருக்கியா அண்டாவின் மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது.

"அவள ஏனுங்க கேக்கறீங்க? நாலாவத எழுதச் சொன்னது நாந்தானுங்க."