செல்லியம்மாள் முன்பக்கம் நடந்த வரலாறு

ஆலங்கொல்லைக் காலனியில் வயதுக்கு வந்த பெண்கள் எல்லோரும் பின்பக்கமாகத்தான் நடந்தார்கள். கால் ஊனம் ஒன்றும் இல்லை. நடவுதான் காரணம். நாற்றுக் கட்டைக் கையில் பிடித்துக் குனிந்து, குத்துக் குத்தாகச் சேற்றில் ஊன்றி, ஊன்றியதை மிதிக்காமல் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தால்தான் நடவு. பத்து வயதில் சேற்றில் இறங்கிய பெண் இரண்டு மூன்று நடவுப் பட்டம் முடிப்பதற்குள் அவள் கால் அந்தத் திசையைப் பழகிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரப்பேறினாலும், தண்ணீருக்குப் போனாலும், தாலி கட்டிக்கொள்ளப் போனாலும் அது மாறாது. மற்ற ஊர்ப் பெண்களும் நடவு நடுகிறார்களே, அவர்களுக்கு ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்டால், அதை அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். 1961இல் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, தாளில் இதற்கென்று கட்டம் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். கழனிகள் காலனிக்குக் கிழக்கே இருந்தன. அதனால் காலையில் வேலைக்குப் போகும்போது பெண்களின் கண்ணெதிரே கல்வராயன் மலை இருக்கும். மாலையில் திரும்பும்போது மலை முதுகுப் பக்கம் போய்விடும், இருட்டு வருவதைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள்.

செல்லியம்மாள் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டவள் அல்ல. அந்தக் காலனியிலேயே பிறந்து, அங்கேயே பாவாடை என்கிற கரும்பு வெட்டும் ஆளைக் கட்டிக்கொண்டு, கொளஞ்சியப்பன் என்று ஓர் ஆண் குழந்தை பெற்றாள். 1969 கார்த்திகையில் அவனுக்கு மூன்று வயது முடியவில்லை. சுப்புராயன் கழனியில் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தபோது, வரப்பில் விட்டிருந்த பையன் ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் போவதைப் பார்த்தாள். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அவனிடம் போக வேண்டுமானால் அவனுக்கு முதுகைக் காட்ட வேண்டும். காட்டினாள். பின்பக்கமாகவே ஓடினாள், வரப்பு தடுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தபோது தும்பி மட்டும் இருந்தது. தவழ்ந்தாவது போயிருக்கலாம் என்று ஊரில் பிறகு சொன்னார்கள். பிறகு சொல்கிறவர்களுக்கு எப்போதும் வழி தெரியும். குழந்தை விழுந்ததைக்கூடத் தான் பார்க்கவில்லையே என்பதுதான் செல்லியம்மாளுக்கு நெஞ்சை அறுத்தது. கடைசியாக அவன் பார்த்தது தன் முதுகைத்தான் என்று அவள் ஒரு வருஷம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மறு வருஷம் ஆவணியில் கண்ணகி பிறந்தாள். தீட்டுக் கழிந்த அன்றைக்கு, உலையில் அரிசி போட்டுவிட்டு, செல்லியம்மாள் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை முன்பக்கமாக எடுத்து வைத்தாள். வைத்ததும் குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்தாள். பின்னால் நடக்கிறவளுக்கு உலகம் விலகி விலகிப் போகும். முன்னால் நடந்தால் அது மேலே வந்து விழும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஓர் அடி, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று முடிவு செய்தாள். சுவரைப் பிடிக்காமல் அந்த ஓர் அடியை வைக்கவே ஐந்து மாதம் ஆயிற்று. பாவாடைக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"முன்னால போயி இன்னாத்த பாக்கப் போற செல்லி? எல்லாம் நம்ம பாத்ததுதான்," என்றான். ஆனாலும் கெட்ட மனுஷன் இல்லை. அவள் எட்டிய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு செங்கல் துண்டைக் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான்.

செங்கல் நகர்ந்தது. ஆனால் சேர்த்தது எல்லாம் தங்கவில்லை. பத்து மாதம் பாடுபட்டுச் சேர்த்த அடிகளில் பாதியை ஆடி நடவும் கார்த்திகை நடவும் தின்றுவிட்டுப் போகும். சில வருஷம் நிகரமாக நாலு அடி மிஞ்சும், சில வருஷம் ஏழு. கண்ணகி தவழ்வதற்குள் முடித்துவிடலாம் என்றிருந்தவள், முடியாமல், குழந்தையைப் பழைய சேலைக் கயிற்றால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு நட்டாள். கூடவே வேறு சிறு சிறு காரியங்களும் செய்தாள். புகையிலையை நாளுக்கு ஒரு கிள்ளு குறைத்தாள். கழனிக்காரர்கள் முன்னால் குனிந்து நிற்கும் முதுகை மாதத்துக்கு ஒரு நூல் நிமிர்த்தினாள். காலனிப் பள்ளி வாத்தியார் செல்லமுத்து அவளைப் பார்க்கும்போதெல்லாம், "சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு சும்மாவா சொன்னாங்க" என்பார். நல்லவர். பழமொழிக்கு அவர் வீட்டில் பஞ்சமே இருந்ததில்லை.

1977இல் கண்ணகிக்கு ஏழு வயது. ஒரு மத்தியானம் கண்ணைக் கட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளைப் பிடிக்கும் விளையாட்டு விளையாடியவள், அதே கிணற்றை நோக்கிக் கைகளை நீட்டிக்கொண்டு போனாள். செல்லியம்மாளிடம் அன்றைக்கு நாற்பத்தோரு அடி சேர்ந்திருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து கிணறு முப்பத்தெட்டாவது அடியில் இருந்தது. அவள் மகளைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். முப்பத்தேழாவது அடியில் பின்னலைப் பிடித்து இழுத்து, புழுதியில் உருட்டி, அடி அடியென்று அடித்து, பிறகு மடியில் போட்டுக்கொண்டு ஊளையிட்டு அழுதாள். ஏழு வருஷம் தினமும் ஓர் அடி வைத்தது அந்த ஒரு மத்தியானத்துக்காக என்றால், அது வீண் இல்லை. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்லது நடந்த பிறகு நிறுத்துகிறவர்கள் யார்? இன்னும் கொஞ்சம் போனால் இன்னும் கொஞ்சம் நல்லது நடக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1983 வைகாசியில் அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டாள், எண்பதைத் தாண்டிய பிறகு கால் தானாகவே முன்னால் போகத் தொடங்கி, எண்ணத் தேவையில்லாமல் போய்விட்டது. ஒரு சந்தை நாளில் காலனியிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நாலு மைலும் முன்பக்கமாகவே நடந்தாள். அந்த வருஷம் மலையில் கடுக்காய் நன்றாகக் காய்த்து, சந்தையில் கொட்டிக் கிடந்தது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துகொண்டு ஒருத்தி வருகிறாளே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரியாலூரிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு மலைக்காரர் மட்டும், "கொஞ்சம் வழி வுடும்மா" என்றார். யாருக்கும் தன்னிடம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று புரிந்தபோது செல்லியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே நின்று, ஒன்பதாம் வகுப்புக்குப் போகப் போகும் மகளுக்கு ரிப்பன் வாங்கினாள். கண்ணகியின் காலை அவள் அதுவரை சேற்றில் படவே விட்டதில்லை. அந்தக் காலனியில் பதின்மூன்று வயதில் கழனியில் இறங்காத ஒரே பெண் அவள்தான். அவள் கடைசி வரைக்கும் முன்னால் நடக்க வேண்டும், செல்லியம்மாளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

ஆடி பிறந்ததும் நடவுக்குப் போனாள். வரிசையில் இருபது பெண்கள், நடவுக்கு ஆள் சேர்த்து வரும் கொத்துக்காரி ஜெயம்மாள் ஓரத்தில். செல்லியம்மாள் குனிந்து ஒரு குத்து ஊன்றினாள், கால் முன்னால் போய் அதையே மிதித்தது. அடுத்த குத்தையும் மிதித்தது. காலைப் பின்னால் இழுக்க எவ்வளவு பார்த்தும் அது வரவில்லை. பதின்மூன்று வருஷம் அதற்கு அவள் சொல்லிக்கொடுத்ததை அது அவ்வளவு ஒழுங்காகக் கற்றிருந்தது. முன்னால் நடந்துகொண்டு நடவு நட முடியாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அத்தனை வருஷத்தில் அது ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

"இன்னாடி செல்லி, நட்டத நீயே மெரிச்சிக்கினு போற?" என்றாள் ஜெயம்மாள். கோபத்தில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கழனிக்காரர் சுப்புராயன் வரப்புக்கு வந்து, மிதிபட்ட நாற்றைப் பார்த்துவிட்டு, "நான் ஒன்ன வாணாங்கல செல்லி. ஒன் காலுதான் வாணாங்குது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நட்டவளுக்குத்தான் அறுப்பு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நடவில் கை வைக்காதவளை அறுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். பொங்கல் நெல்லும் அவளுக்கு அன்றைக்கே இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் பார்த்து, கரும்புக் கட்டு சரிந்து பாவாடைக்கு இடுப்பு போய்விட்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லியம்மாள் வாசலில் நின்று, முன்பு செய்தது போலவே சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் அடி பின்னால் வைத்துப் பார்த்தாள். வரவில்லை. காலைக் கயிற்றால் கட்டிப் பார்த்தாள், ஏரிச் சேற்றில் தனியாக இறங்கிப் பார்த்தாள், சாமிக்கு மஞ்சள் துணியில் முடிச்சு போட்டுப் பார்த்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பாடுபட்டுப் பழகிய நல்ல பழக்கம் அதைவிடக் கெட்டி. கெட்ட பழக்கமாவது ஒருநாள் அசந்தால் விட்டுப் போகும். ஆவணி முழுக்கக் களைக் கீரையையும் கேழ்வரகுக் கூழையும் வைத்து ஓட்டினார்கள். புரட்டாசியில் கூழும் நின்றது.

கார்த்திகை நடவு தொடங்கிய அன்று காலையில் கண்ணகி பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து, "ஒரு பட்டம் மட்டும்மா. ஒரு பட்டத்துக்கு ஒண்ணும் ஆவாது. வரிசைல ஒன் எடம் சும்மாதான கெடக்குது?" என்றாள்.

செல்லியம்மாள் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாய்க்குள் இரண்டு நாளாக எதுவும் போயிருக்கவில்லை. கட்டிலில் பாவாடை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் மகளின் பள்ளிக்கூடப் பாவாடையைத் தூக்கிச் செருகிவிட்டாள். உலகத்தில் எத்தனையோ பாவங்கள் இருக்கின்றன. தான் செய்த பாவம் அந்த ஒரு செருகல்தான் என்று செல்லியம்மாள் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பட்டம் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. கெட்டதும் ஒரு நாளைக்கு ஓர் அடியாகத்தான் வந்தது. முதலில் கண்ணகி வாசலில் செருப்பைத் தேடும்போது ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு குழாயடியில் மூன்று அடி. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் கால்பங்கு தூரம் முன்னால் போய், மீதித் தூரத்தைப் பின்பக்கமாக நடந்து, முதல் மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தாள். பத்தாம் வகுப்பில் ஆடி கழிந்து அவள் போகவில்லை. வாத்தியார் செல்லமுத்து வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு பழமொழியும் சொல்லாமல் எழுந்து போனது அன்றைக்கு மட்டும்தான்.

1986 தொடங்கிச் செல்லியம்மாள் கண்ணகியோடு கழனிக்குப் போனாள். அவளுக்கு அங்கே வேலை கிடையாது. கண்ணகி பின்பக்கமாக நடப்பாள். செல்லியம்மாள் நாலடி தள்ளி, அவளைப் பார்த்தபடி முன்பக்கமாக நடந்து வருவாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய இரண்டு பேரும் போவார்கள். கல்லு, சாணி, எதிரே வண்டி, இடது பக்கம் பள்ளம் என்று தாய் சொல்லச் சொல்ல மகள் கால் வைப்பாள். மற்றப் பெண்கள் விழுந்து எழுந்து போகும் பாதையில் கண்ணகி ஒருமுறைகூட விழவில்லை. பதின்மூன்று வருஷ உழைப்புக்கு மிஞ்சிய கூலி அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குத் தாயும் மகளும் ஏதோ கோபத்தில் முறைத்துக்கொண்டு போவது போல இருந்தது, போகப் போகப் பழகிவிட்டது. கள்ளக்குறிச்சி பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்கள். புதிதாக வருகிற டிரைவருக்குப் பழையவர், இங்கே மாடு குறுக்கே வரும், அங்கே வேகத்தடை, இந்த இடத்தில் ஒரு அம்மாவும் பொண்ணும் வருவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

பாவாடை செத்தான். கண்ணகிக்குக் கல்யாணம் ஆயிற்று, புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு நடவு இயந்திரம் வந்தது. அது முன்னால் போய்க்கொண்டே நட்டது. கழனிக்குக் கூப்பிட ஆளில்லாமல் போன பிறகு, பெண்கள் அதே நடையில் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். செல்லியம்மாளுக்கு எழுபது வயதான பிறகும் கண்ணகி பிடிவாதமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். ஒரு தை மாதக் காலையில், ஏரிக்கரை வேலைக்குப் போகும் வழியில், கண்ணகி நின்று, அதுவரை கேட்காததைக் கேட்டாள்.

"எம்மா, நீதான் பாக்குறியே. முன்னால இன்னாதான் இருக்குது?"

செல்லியம்மாள் மகளின் தோளுக்கு மேலே பார்த்தாள். தார் ரோடு இருந்தது, அதன் முடிவில் ஏரிக்கரை இருந்தது, கரையில் மண்வெட்டிகளும் கூடைகளும் குவிந்திருந்தன, அதற்கப்பால் ஒன்றும் இல்லை.

"வழி சுத்தமாத்தான் கீது," என்றாள். "நீ வா."

கண்ணகி நம்பி, அடுத்த அடியைப் பின்னால் எடுத்து வைத்தாள்.