எந்த லைன்

ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் புஷ்பவள்ளி கையில் கார் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேன் ஆர்தருக்குப் போய்விடும்.

தோட்டத்துப் பிள்ளைகளை லூனாஸ் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப்போக நிர்வாகம் ஒரு பழைய வேன் வாங்கி ஆபீஸ் பின்னால் நிறுத்தியிருந்தது. லைசென்ஸோடு முதலில் வந்து நிற்கிறவருக்குத்தான் வேலை என்று மானேஜர் சொல்லிவிட்டார். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு மூன்று வருடமாக அம்மா காளியம்மாவோடு ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த புஷ்பவள்ளி, அந்த வேனை ஒரு நாளைக்கு நாலு முறை பார்த்துவிட்டு வந்தாள். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாரின் மகன் ஆர்தர் ஒரு முறைதான் பார்த்தான். டயரை எட்டி உதைத்து, "அடுத்த மாசம் கிளாஸ் போறேன், அப்பா பணம் கட்டுறாரு" என்றான். அவளுக்குக் கட்ட ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் லூனாஸ் கடைத்தெருவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். புதிதாகக் காரோட்டும் பள்ளி தொடங்கிய சுப்பிரமணியம் கொடுத்த விளம்பரம் அது. வீடியோ கேம் கடையில் இருக்கும் கார் மெஷினில் ஒரு சுற்றை யார் மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ, அவருக்கு லைசென்ஸ் எடுக்கும்வரை இலவசப் பயிற்சி, திங்கட்கிழமையே ஆரம்பம். சனிக்கிழமை மூன்று மணிக்குப் போட்டி. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

அந்தக் கடையில் பெண் என்று இருந்தது பேட்ரிசியா ஒருத்திதான். சில்லறை மாற்றித் தருவது அவள் வேலை. புஷ்பவள்ளியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கடை இரண்டு மணிக்குத் திறக்கும். ஒரு மணிக்கே பின்கதவைத் திறந்து மெஷின்களைத் துடைத்து, ஓடுகின்றனவா என்று சாவி போட்டுப் பார்ப்பாள். வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கை ரப்பர் நாற்றம் போகாமலே புஷ்பவள்ளி அந்தப் பின்கதவில் போய் நின்றாள்.

"ஒக்காருலா. நாந்தான் டெஸ்ட் பண்ணணும். இன்னிக்கு நீ பண்ணு."

மெஷின் ஒரு பெட்டிக்குள் வைத்த கார் மாதிரி இருந்தது. முன்னால் திரை, கையில் ஸ்டீரிங், காலடியில் வேகம் கூட்டும் எண்ணெயும் பிரேக்கும், பக்கத்தில் மேலும் கீழும் தள்ளுகிற கியர். முதல் வளைவிலேயே விளம்பரப் பலகையில் மோதினாள். திரை முழுக்க நெருப்பு. இரண்டாவது முறை அதே பலகை, அதே நெருப்பு.

"ஏண்டி, எதுக்கு இவ்ளோ ஆத்திரம்? மொத ஒரு சுத்து முட்டாம முடி. வேகத்த அப்புறம் பாக்கலாம்."

"போட்டி சனிக்கிழமடி."

"நெருப்பு புடிச்ச வண்டிக்கு சனிக்கிழம என்னா, ஞாயித்துக்கிழம என்னா."

பேட்ரிசியா ஓட்டியதில்லை. ஆனால் இரண்டு வருடமாகத் தினமும் ஏழெட்டு மணி நேரம் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தவள். யார் எங்கே தோற்கிறான் என்பது அவளுக்கு மனப்பாடம். துணியால் திரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மூக்குக்கு முன்னால பாக்காத, ரோடு எங்க போவுதுன்னு தூரத்துல பாரு. ஸ்டீரிங்க தோச மாவு ஆட்டுற மாதிரி சுத்தாத, கொஞ்சூண்டு திருப்பினா போதும். வளைவுக்குள்ள போயி பிரேக் அடிக்கிறவன்தான் வழுக்கிட்டுப் போறான். நேரா இருக்கும்போதே அடிச்சி கியரக் கொறச்சிட்டு அப்புறம் திருப்பு. இன்னொண்ணு, லைனப் புடி. லைன மட்டும் விட்றாத."

கடைசியாகச் சொன்னது புஷ்பவள்ளிக்குச் சட்டென்று பிடிபட்டது. லைனை விடாதே என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். குடியிருப்பது தோட்டத்து வரிசை வீடுகளில் நாலாவது லைன். இருட்டினால் லைனைத் தாண்டக் கூடாது. பெரிய ரோட்டில் பள்ளிக்கு நடந்தபோது ஓரத்து வெள்ளை லைனைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை லாரி அடித்துப்போட்ட பிறகு காளியம்மா அதை அடித்தே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆகவே புதன், வியாழன் இரண்டு நாளும் புஷ்பவள்ளி ரோட்டோரத்து வெள்ளைக்கோட்டை ஒட்டியே ஓட்டினாள். மோதவில்லை, நெருப்புப் பிடிக்கவில்லை. ஆனால் அறுபத்தேழு வினாடிக்குக் கீழே ஒரு முறைகூட இறங்கவில்லை. ஆர்தர் ஐம்பத்தொன்பதில் முடிக்கிறான் என்று கடைக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை அவள் ஸ்டீரிங்கைக் குத்தினாள். "நீ சொன்னதெல்லாம் செய்றேன். லைன விடவே இல்ல. பின்ன ஏன்?"

அதுவரை முதுகு காட்டி மற்ற மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்த பேட்ரிசியா அன்றுதான் பின்னால் வந்து நின்று ஒரு சுற்று முழுவதும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள், தோழியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அலாமா... அந்த லைன் இல்லடி. அது நடக்கிறவங்களுக்கு. ரோட்டுல போட்டிருக்கிறது ரோடு போட்டவன் லைன். நான் சொன்னது நீ போடுற லைன்." ஈரத்துணியால் திரையின் மேலேயே இழுத்துக் காட்டினாள். "எடது பக்கம் வளையுதா? வலது ஓரத்துலேர்ந்து வா. நடுவுல எடது ஓரத்த ஒரசு. அப்பவே எண்ணெய அமுக்கு. வண்டி தன்னால வலது ஓரத்துக்குப் போவும், போவட்டும், தடுக்காத. ரோடு முழுசும் உன்னோடதுதான்."

ஐந்தாம் பாரம் வரை இலக்கணமும் கணக்கும் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினவள், இரண்டு நாள் ஓரமாகவே ஓட்டியிருக்கிறாள். தன்மேல் வந்த கோபத்தைவிட, ஓரமாகப் போ என்று சொன்ன எல்லார்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவள் ஓட்டிய கடைசிச் சுற்று அறுபது. அதற்குள் மணி இரண்டாகி, பேட்ரிசியா முன்கதவைத் திறக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆர்தர் ஐம்பத்தெட்டு புள்ளி ஆறில் முடித்தான். எழுந்து, மெஷின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றான். கடைசிப் பெயர் புஷ்பவள்ளி.

"புஷ்பம், பால் வாளியக் கொண்டாந்திருக்கியா? பின்னால கட்டித் தரவா?"

ஆர்தரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்து நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். முதல் வாய்ப்பு. அத்தனை கண்கள் முதுகில் விழுந்ததும் கை தானாக ஓரத்துக்குப் போனது. அம்மா பிடித்து இழுத்த மாதிரி வண்டி வெள்ளைக்கோட்டை ஒட்டிக்கொண்டது. அறுபத்து நாலு.

"பெலான் பெலான்லா. அவசரமில்ல, பிள்ளைங்க எல்லாம் நடந்தே பள்ளிக்குப் போயிட்டாங்க" என்றான் ஆர்தர்.

உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்தாள். இன்னும் ஒரு சுற்றுதான். கல்லாவிலிருந்து பேட்ரிசியா கையிலிருந்த துணியை மட்டும் ஒரு வில் மாதிரி இழுத்துக் காட்டினாள்.

இரண்டாவது. நேர்பாதையில் கியரை மேலே தள்ளினாள். வளைவு வருமுன்பே பிரேக். மெதுவாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆகட்டும் என்று விட்டாள். கண் வளைவின் அந்தக் கோடியில். இடது ஓரத்தை உரசியதும் காலை முழுக்க அமுக்கினாள். வண்டி ரோட்டின் முழு அகலத்தையும் தின்றுகொண்டு வெளியே பாய்ந்தது. இரண்டாம் வளைவும் அப்படியே. திரையில் முன்னால் போன மஞ்சள் வண்டியைத் துரத்த ஆசை வந்தது. அதை முந்தினால் கடைசி வளைவுக்குத் தப்பான ஓரத்தில் நிற்பாள். முந்தவில்லை. அதன் பின்னாலேயே வந்து, அது வளைவுக்குள் தடுமாறியபோது உள்பக்கம் நுழைந்தாள்.

"லாரி, லாரி" என்று, இல்லாத லாரியைச் சொல்லி மிரட்ட, ஆர்தர் அவள் காதருகே கத்தினான். அவள் தோள் குலுங்கியது, கை அசையவில்லை.

ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு.

சிரிப்பு நின்றுவிட்டது. சுப்பிரமணியம் திரையைக் குனிந்து பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா ஓட்டினம்மா. ஆனா பாரு, பயிற்சின்னா தெனம் எங்கூட தனியா வண்டியில வரணும். பொம்பளப் பிள்ள. வீட்டுல என்னா சொல்லுவாங்க? ஒனக்கு ஒரு நல்ல சுடுதண்ணி பிளாஸ்க் வாங்கித் தந்துடுறேன். பயிற்சிய தம்பிக்குக் குடுத்துடலாம்."

ஆர்தர் பெருந்தன்மையாகத் தலையாட்டினான்.

புஷ்பவள்ளி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கிலேயே இருந்தன.

"நோட்டீஸ்ல யாருன்னு போட்டிருக்கீங்க அண்ணே?"

"அது... யார் வேணாலும்னுதான்."

"எங்க வீட்டுல என்னா சொல்லுவாங்கன்னு நான் பாத்துக்கிறேன். நீங்க பேர எழுதுங்க. எழுதினப்புறம் எழுந்திரிக்கிறேன்."

"மத்தவங்க வெளையாடக் காத்திருக்காங்கம்மா."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க."

யாரும் அவளைத் தொட்டு எழுப்பத் துணியவில்லை. பின்னால் காசோடு காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன், "எழுதிக் குடுங்கண்ணே, அவதானே ஜெயிச்சா" என்றான். பேட்ரிசியா கல்லாவிலிருந்து வந்து, சுப்பிரமணியத்தின் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் கையில் வைத்தாள். ஆர்தரின் முழங்கை அப்போதுதான் மெஷினைவிட்டு இறங்கியது.

சுப்பிரமணியம் விண்ணப்பப் பாரத்தை மெஷினின் முதுகில் வைத்து எழுதினார். பெயர். வயது, இருபத்தொன்று. தோட்டத்தின் பெயர். கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது.

"எந்த லைன்?" என்றார், நிமிராமல்.

கல்லாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பேட்ரிசியா துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலாவது லைன், ஏழாம் நம்பர்" என்றாள் புஷ்பவள்ளி. "திங்கக்கிழம வண்டிய வாசல்லயே கொண்டாந்து நிப்பாட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."